24 சிப்பாய்கள், ஒரு முகம்

நீண்ட பதிவு. மேசைப்போர் விளையாட்டை அறியாதவர்களும் வாசிக்கலாம். வேண்டிய விளக்கம் இடையிடையே வரும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவினர் கட்டாயம் வாசிக்க வேண்டும். இது அவர்கள்மீதும் என்மீதும் நான் சாட்டும் குற்றம்.

சென்ற ஞாயிறு, நீலசந்திராவில் நண்பர் குடியிருக்கும் மாடியறையில், 1791-ஆம் ஆண்டின் பெங்களூர் முற்றுகையை மேசைமேல் அமைத்திருந்தோம். 28 மில்லிமீட்டர் அளவிலான உலோக, நெகிழிச் சிற்றுருக்கள். ஒவ்வொன்றும் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. பகடை உருட்டி, அளவுநாடா பிடித்து நகர்த்தி, நடந்து முடிந்த போரை மீண்டும் நடத்திப் பார்ப்பதே இவ்விளையாட்டு. கார்ன்வாலிஸின் படை வேலூர், சித்தூர், முகளிக் கணவாய், கோலார் வழியாக வந்து மார்ச் 21 இரவில் தகர்த்து நுழைந்த அந்தக் கோட்டையின் எச்சம் எங்கள் மாடியிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

வீட்டு உரிமையாளரின் தந்தையார் மேலே ஏறி வந்தார். இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுல நம்ம ஆளுங்க எங்கப்பா?" என்று கேட்டார். சென்னைப் படையின் சிப்பாய்ப் பட்டாளத்தைக் காட்டினோம். 24 உருக்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றைக் கையில் எடுத்தார். அடுத்ததை எடுத்தார். மூன்றாவதையும் எடுத்துப் பார்த்தார். "எல்லாம் ஒரே மூஞ்சியா இருக்கே" என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

எங்களில் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 24-இல் 8 நான் தீட்டியவை.

எப்படித் தீட்டினோம் என்று சொல்லிவிடுகிறேன். எல்லா முகத்துக்கும் ஒரே குப்பிப் பழுப்பு. அது காய்ந்தபின் ஒரு கை 'வாஷ்', அதாவது பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த கருவண்ணம். ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. அதே மேசையில் நின்ற நான்கு ஆங்கிலேய அதிகாரிகளுக்கோ மூன்று இரவுகள் செலவாயின. கன்னத்தில் செம்மை, கீழுதட்டில் இளஞ்சிவப்பு, மழித்த தாடையில் நீலச்சாயல். ஒருவருக்கு நீலக் கண்மணிகூட உண்டு. எதிர்ப்பக்கத்தில் திப்புவின் படையினருக்கு வேங்கைவரி தீட்டுவதில் ஒரு வாரம் கழித்த நண்பரும் அவர்களின் முகத்துக்கு அதே குப்பியைத்தான் திறந்தார்.

கேட்டால் வரும் முதல் விடை: "மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்குத் தெரியும்?" நல்லது. மூன்றடியில் நீலக் கண்மணி தெரியுமா? 52-ஆம் படைப்பிரிவின் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் வெளிர்மஞ்சள், 36-ஆம் படைப்பிரிவுக்குப் பச்சை. அந்தப் பச்சை எவ்வளவு அடர்ந்தது என்று இதே அறையில் முக்கால் மணிநேரம் வாதிட்டிருக்கிறோம். பொத்தான் வெள்ளியா பொன்னா என்பதற்குச் சான்று கேட்கும் நாம், முகத்துக்கு மட்டும் சான்று கேட்பதில்லை.

சான்று இல்லாமலில்லை. தஞ்சாவூர் ஓவியர்கள் கும்பினியாருக்காகச் சிப்பாயையும் அவன் மனைவியையும் இணையாக நிறுத்தி வரைந்த படங்கள் இலண்டன் அருங்காட்சியகத் தொகுப்புகளில் உள்ளன. இணையத்தில் கட்டணமின்றிக் காணலாம். 1830-களில் தொழிலில் இருந்த வேலூர் எல்லப்பா, தாம் அமர்ந்து வரையும் கோலத்தையே வரைந்து வைத்தார். தூரிகை பிடித்த நம் ஊர்க்கையும் இருந்தது. அது தன்னைத் தீட்டவும் அறிந்திருந்தது.

இனி என் உண்மையான வழக்குக்கு வருகிறேன். 1805 இறுதியிலும் 1806 தொடக்கத்திலும் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் சீருடை விதிகளைத் திருத்தினார். சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றிக்குறி இடலாகாது, கடுக்கன் அணியலாகாது, தாடி மழிக்கப்பட வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும், தலைப்பாகை புதுவகையாக, தோல் குஞ்சம் வைத்ததாக இருக்க வேண்டும். மறுத்தவர்களுள் இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது; ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். 1806 ஜூலை 10 வைகறையில் வேலூர்க் கோட்டை எரிந்தது. ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் வந்து அடக்கியபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். அந்த ஆணை பின்னர் மீட்டுக்கொள்ளப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

பட்டியலை மறுபடி பாருங்கள்: நெற்றி, காது, தாடி, மீசை, தலைப்பாகை. சிற்றுரு தீட்டுபவன் தூரிகை வைக்கும் இடங்கள் இவையே. நம் மேசையில் நடப்பது 1791; சிப்பாயின் முகத்தில் இருப்பதோ 1806. கும்பினியே கைவிட நேர்ந்த ஆணையை, கசையடிக்கு வேலையில்லாமல், ஞாயிறுதோறும் நாம் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறோம்.

"அப்படியானால் சாதிக்குறியைப் போற்றுகிறீரா?" என்று ஒரு தோழர் கேட்டார். நேர்மையான கேள்வி. குறியைப் போற்றவில்லை. அப்படையில் முஸ்லிம்கள் இருந்தனர். பறையர்கள் திரளாக இருந்தனர். தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். திருநீறு சிலருக்கு, நாமம் சிலருக்கு, ஒன்றுமில்லாத நெற்றி பலருக்கு. கருமை, மாநிறம், சிவப்பு என்று தோலும் பலவகை. ஆகவே ஒவ்வோர் உருவையும் கையில் எடுத்து, 'இவன் யார்?' என்று தீட்டுபவர் ஒரு கணம் முடிவு செய்தாக வேண்டும். அந்த ஒரு கணத்தைத்தான் நாம் மிச்சம் பிடிக்கிறோம்.

இறக்குமதிக் குப்பிகளைக் குறை சொல்வதும் எளிது. ஹம்ப்ரால் வண்ணங்களில் 61-ஆம் எண்ணின் பெயர் வெறும் 'ஃபிளெஷ்'. யாருடைய தோல் என்று சொல்லத் தேவையே எழவில்லை. ஆனால் இங்கே தூரிகை பிடித்தவர்கள் நாம். இந்தப் பேட்டைகளில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருப்பதற்கே, 1809-இல் உருவான கண்டோன்மெண்டும் சென்னைப் படையோடு வந்தவர்களும் ஒரு முதற்காரணம். கும்பினியின் இறந்தோருக்காக இந்நகரில் நின்ற முற்றுகை நினைவுத்தூண் 1964-இல் இடிக்கப்பட்டதைப் பெருமையாகச் சொல்லும் நண்பர்தாம் அந்த நீலக் கண்மணியையும் வைத்தவர்.

"விளையாட்டுதானே" என்பது கடைசி அரண். எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதியபோதும் விளையாட்டுதான். விளையாட்டை நான் மறுக்கவில்லை; ஞாயிறு வந்தால் எனக்கும் கை துறுதுறுக்கும். வரலாற்று விளையாட்டு என்று பெயர் சூட்டிக்கொண்டு பாதிப்பேருக்கு மட்டும் வரலாற்றைப் பங்கிடுவதைத்தான் மறுக்கிறேன். (காளைகளைப் பற்றி வேறொரு பதிவு எழுத வேண்டும். 1791 மே மாதம் இழுவைக் காளைகள் மாண்டதால் கார்ன்வாலிஸ் தன் முற்றுகைப் பீரங்கிகளையே அழித்துவிட்டுத் திரும்பினார். நம் மேசையில் பீரங்கிகள் தாமே நடக்கின்றன.)

வேலை பெரிதன்று. பழுப்பில் மூன்று கலவை: ஒன்றில் சற்றே ஊதா, ஒன்றில் செம்மண், ஒன்றில் காவி. கலவைக்கு 8 உருக்கள். மேடான இடங்களுக்கு வெள்ளையோ இளஞ்சிவப்போ கலந்து ஒளி காட்டாதீர்கள். கருந்தோல் சாம்பல் பூத்துவிடும். மஞ்சட்காவி கலந்தால் உயிர் வரும். கடுக்கனுக்கு ஒரு புள்ளி பொன்வண்ணம். நெற்றிக்கு இரட்டைச் சுழிய எண் தூரிகை. ஒத்திகை பார்த்தேன், 8 உருக்களுக்குக் கூடுதலாக ஆனது 50 நிமிடம்.

என் 8 உருக்களும் நேற்றிரவு முதல் டெட்டாலில் ஊறுகின்றன. பழைய பற்தூரிகையால் தேய்த்தால் வண்ணம் உரியும். மீதி 16-ஐத் தீட்டியவர் இதை வாசிப்பார் என்று அறிவேன். டெட்டால் இன்னும் அரைக் குப்பி இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணி, அதே மாடி. பெரியவரையும் மேலே அழைத்திருக்கிறேன்.