மடியில் இரண்டு ஜோடிச் செருப்புகள்

சனிக்கிழமை பின்னிரவு, வட இங்கிலாந்தில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவு. மிதமிஞ்சிக் குடித்து நினைவு தப்பிய பெண்ணுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அருகில் அவளுடைய தோழி. மடியில் இரண்டு கைப்பைகள், இரண்டு ஜோடி ஹீல்ஸ் செருப்புகள். விடியும்வரை அவள் நகரவில்லை. அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இரவை முழுதாக அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

மது ஆலோசனை தரும் நம் துறையின் பழக்கம் அப்படி. குடித்தவளைத் தனியே உட்காரவைத்து யூனிட் கணக்குக் கேட்கிறோம். பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது 8 கிராம் ஆல்கஹால். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது 2016 முதல் ஆண், பெண் இருவருக்கும் பொதுவான அறிவுரை. 13 சதவீத ஒயின் ஒரு பாட்டிலில் மட்டும் ஏறக்குறைய 10 யூனிட் இருக்கிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் கிளப்புக்குக் கிளம்புமுன் ஒருத்தியின் அறையில் கூடி, தலைவாரிக்கொண்டே அந்தப் பாட்டிலைப் பகிர்ந்துகொள்ளும் நெருக்கம் அதில் இல்லை. ஒருத்தி மாற்றி ஒருத்தி ரவுண்டு வாங்கும்போது "எனக்குப் போதும்" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதும் இல்லை.

அவர்களைக் காப்பதும் அதே நட்புதான். கிளாஸைக் கண்காணிப்பது, கழிவறைக்குத் துணை போவது, வாந்தி எடுப்பவளின் கூந்தலைப் பிடித்துக்கொள்வது, வீடு சேர்ந்த செய்தி வரும்வரை விழித்திருப்பது. அதற்காக முழுப் பொறுப்பையும் அவர்கள் தலையில் கட்டுவதை நான் ஏற்கவில்லை. "தோழியைப் பார்த்துக்கொள்" என்ற சுவரொட்டி, அசம்பாவிதம் நடந்தால் தோழியையே குற்றவாளியாக்கும். 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய 'ஆஸ்க் ஃபார் ஏஞ்சலா' திட்டத்தை நான் மதிப்பதற்குக் காரணம், ஆபத்தை உணரும் பெண் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதும் உதவ வேண்டிய கடமையை அது மதுக்கூட ஊழியர்களிடம் வைப்பதுதான். ஊழியர்களுக்குப் பயிற்சி இல்லாவிட்டால் அதுவும் வெறும் சுவரொட்டிதான்.

தோழிகளின் அன்பு தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு: "தூங்கினால் தெளிந்துவிடும்." கடைசி மடக்குக்குப் பிறகும் இரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டிருக்கலாம். கல்லீரல் மணிக்குச் சுமார் ஒரு யூனிட்டைத்தான் கரைக்கும். காபியோ குளிர்ந்த நீரோ அதை விரைவாக்காது. பெண்ணுடலில் நீரின் அளவு குறைவு என்பதால், ஆண் நண்பர்களுக்கு ஈடுகொடுத்துக் குடித்தவளின் இரத்தத்தில் செறிவு கூடுதலாகவே இருக்கும். மல்லாந்து படுத்தவளுக்கு வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பக்கவாட்டில் படுக்கவைத்து யாராவது கூடவே இருக்க வேண்டும். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவானால், உதடு நீலம் பூத்தால் உடனே அவசர எண் 999ஐ அழைக்க வேண்டும்.

இந்த எண் அவர்களுக்குத் தெரியாததல்ல. பெற்றோருக்குத் தெரிந்துவிடும், பல்கலைக்கழகத்தில் பேச்சாகும், காலையில் அவள் கோபித்துக்கொள்வாள் என்ற அச்சங்கள்தாம் கையைத் தடுக்கின்றன. நாம் பேச வேண்டியது இந்தத் தயக்கத்தைப் பற்றி. குடிக்காமலே கூடப்போய், எல்லோரையும் வீடு சேர்க்கும் பெண்ணின் களைப்பையும் கேட்க வேண்டும்.

எனவே ஆலோசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எவ்வளவு குடித்தாய் என்பதற்கு முன், யாரோடு போனாய் என்று கேளுங்கள். அவள் சம்மதித்தால் அடுத்த சந்திப்புக்குத் தோழிகளையும் வரச்சொல்லுங்கள். தரையில் ஒரு பாயை விரித்து, ஒருத்தியை ஒருத்தி பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்துப் பழகட்டும்.