கஞ்சா குடித்தவன் மீது வழக்கு எதற்கு?

2024 நவம்பரில் அந்தமானின் பாரன் தீவுக்கு அருகே சந்தேகத்துக்கு இடமாக நின்ற ஒரு மீன்பிடிப் படகைக் கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் கண்டது. மறித்துச் சோதித்தபோது படகு முழுக்க இரண்டு கிலோ பொட்டலங்கள், ஏறத்தாழ மூவாயிரம் இருந்தன. மொத்தம் சுமார் 6,000 கிலோ மெத்தாம்பெட்டமைன். படகில் இருந்த ஆறு பேரும் மியான்மர்காரர்கள். அதற்கு முன், 2019 செப்டம்பரில், இதே அந்தமான் கடலில் மற்றொரு மியான்மர் படகிலிருந்து ஆயிரம் கிலோவுக்கு மேல் கெட்டமைன் கைப்பற்றப்பட்டது. நம் தீவுகளைச் சூழ்ந்துள்ள ஆபத்து எந்த அளவிலானது என்பதற்கு இந்த இரண்டு படகுகளே சாட்சி.

ஜங்லிகாட்டிலோ டிக்லிபூரிலோ சட்டைப்பையில் ஐந்து கிராம் கஞ்சாவோடு பிடிபடும் இருபது வயது இளைஞன் மீது பாய்வதும் அந்தப் படகுக்காரர்கள் மீது பாய்ந்த அதே 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்பதால் அவனுக்குத் தண்டனை குறைவு; ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வைத்திருக்காமல் புகைத்தது மட்டும் நிரூபணமானாலும் ஆறு மாதம் வரை உள்ளே போகலாம்.

ஆனால் அவனை உண்மையில் வதைப்பது சிறை அல்ல, வழக்கு. இங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரின் கனவு பெரும்பாலும் ஒரு அரசு வேலை. இல்லையென்றால் கப்பல் வேலை. இரண்டுக்கும் போலீஸ் சரிபார்ப்பு உண்டு. 'உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் பதிவாகியுள்ளதா?' என்ற கட்டத்துக்கு எதிரே அவன் 'ஆம்' என்று எழுத வேண்டும். அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்த பிறகும் அந்த ஒரு சொல் அவனைத் துரத்தும். எய்தவன் இருக்க அம்பை நோகும் வேலை இது.

கஞ்சா குடிப்பது குற்றமாகக் கருதப்படக் கூடாது, அது மருத்துவரும் குடும்பமும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்பதே நம் நிலை. அதே உறுதியோடு இன்னொன்றையும் சொல்கிறோம்: கஞ்சா விற்கக் கடை திறக்கவும் கூடாது.

உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. போர்ச்சுகல் 2001-லேயே சொந்தப் பயன்பாட்டுக்கான அளவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, பிடிபடுபவரை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஆலோசனைக் குழுவிடம் அனுப்பத் தொடங்கியது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து நீக்கியபோது, 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன. ஆதரித்தவற்றில் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் அப்படிக் கை தூக்கிய அரசு, உள்ளூரில் பழைய பிரிவுகளை அப்படியே வைத்திருக்கிறது. அதே செடியின் இலையில் அரைக்கும் பாங், சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்பதால், வடமாநிலங்கள் சிலவற்றில் உரிமம் பெற்ற கடைகளிலேயே கிடைக்கிறது. பூவைப் புகைத்தவன் குற்றவாளி, இலையைக் குடித்தவன் பக்தன் என்ற பிரிவினைக்கு மருத்துவ நியாயம் ஏதும் இல்லை.

கடை வேண்டாம் என்பதற்கான பாடம் சென்னையைவிட நமக்குக் கிட்ட இருக்கும் தாய்லாந்தில் கிடைத்தது. 2022 ஜூனில் அந்த நாடு கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. முறைப்படுத்தும் சட்டம் தயாராகும் முன்பே கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு பின்வாங்க நேர்ந்தது. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகளை இழுக்கக் கஞ்சாக் கடை நல்ல வழி என்று யாராவது யோசனை சொன்னால், அவர்கள் புக்கெட் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

கஞ்சா தீங்கற்றது என்றும் நாம் சொல்லவில்லை. பதின்வயதில் தொடங்கித் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் ஆபத்து கூடுகிறது. நம் தீவுகளில் இன்னொரு கவலையும் உண்டு. காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைபவர்கள் ஜாரவா பழங்குடியினரிடையே மதுவும் கஞ்சாவும் கொண்டுவந்து பெண்களைத் துரத்துகிறார்கள் என்று ஜாரவா ஒருவரே சொன்னது 2014-ல் வெளியானது. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி காக்கும் அந்த எல்லைக்குள் கஞ்சாவைக் கொண்டுபோவோர் மீது சட்டம் ஒரு துளியும் இளகக் கூடாது. விற்பவன் மீதும் அப்படியே.

குடித்தவனுக்கு வழி இப்போதே சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 64ஏ-இன்படி, சிறிய அளவோடு பிடிபட்ட போதை அடிமை தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அவர் மீது வழக்கு நடத்த முடியாது. பிரிவு 39 நீதிமன்றத்துக்கும் அப்படி அனுப்பும் அதிகாரம் தருகிறது. ஆனால் கேம்பல் பேயில் பிடிபடும் ஒருவன் சிகிச்சைக்காகப் போர்ட் பிளேர் வர வேண்டுமென்றால் கப்பலில் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். டிக்கெட் கிடைக்க வேண்டும், கடலும் ஒத்துழைக்க வேண்டும். சிகிச்சை கைக்கெட்டாத ஊரில் 64ஏ வெறும் காகிதம்.

தீவுகளுக்குச் சட்டமன்றம் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர்தான். ஆகவே கேட்க வேண்டியதை இருவரிடம் கேட்கிறோம். கார் நிக்கோபார், கேம்பல் பே, ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் மருத்துவமனைகளில் போதை மீட்புக்குப் பயிற்சி பெற்ற மருத்துவரையும் ஆலோசகரையும் துணைநிலை ஆளுநரின் நிர்வாகம் அமர்த்தி, அவற்றை 64ஏ-க்கான சிகிச்சை இடங்களாக அறிவிக்க வேண்டும். சிறிய அளவோடு பிடிபடும் ஒவ்வொருவருக்கும் இந்த வழி இருப்பதைக் காவல் நிலையத்திலேயே, அவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும். நம் உறுப்பினர் அடுத்த கூட்டத்தொடரில் போதைப்பொருள் பயன்பாட்டைத் தண்டிக்கும் பிரிவு 27-லிருந்து கஞ்சாவை நீக்கத் தனிநபர் மசோதா கொண்டுவர வேண்டும். அதனால் மிச்சமாகும் போலீஸ் நேரம் முழுவதும் பாரன் தீவுப் பக்கம் திரும்பட்டும்.