கோர்ட்டில் ஃபைன் கட்டியாச்சு... கேஸ் நிஜமாவே முடிஞ்சுதா? பழைய வழக்குப் பதிவை அழிக்க முடியுமா?

காலேஜ் படிக்கும்போது பஸ் ஸ்டாப்பில் ஒரு சின்ன தகராறு. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. மறுநாள் கோர்ட். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு தம்பி, இன்னைக்கே முடிஞ்சிடும்" என்று யாரோ சொல்ல, சில நூறு ரூபாய் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அதை மறந்தும் விடுகிறார் அந்த இளைஞர்.

ஐந்து வருஷம் கழித்து அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வில் பாஸ், உடல் தகுதித் தேர்விலும் பாஸ். போலீஸ் வெரிஃபிகேஷனில் அந்தப் பழைய கேஸ் வெளியே வருகிறது. விண்ணப்பத்தில் "வழக்கு எதுவும் இல்லை" என்று எழுதியிருந்ததால் வேலையும் போகிறது.

இது ஒருவருடைய கதை இல்லை. தமிழ்நாட்டில் பலருக்கும் நடப்பதுதான். அப்போ, பழைய கிரிமினல் ரெக்கார்டை அழிக்க வழியே இல்லையா? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ரெக்கார்டை அழிக்க இந்தியாவில் சட்டம் இருக்கா?

நேரடிப் பதில்: 18 வயது நிரம்பியவர்களுக்குப் பொதுவான அப்படியொரு சட்டம் இந்தியாவில் இல்லை.

சில நாடுகளில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1974-லேயே இதற்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டது. குறிப்பிட்ட காலம் தப்பு எதுவும் செய்யாமல் இருந்தால், பெரும்பாலான வேலைகளுக்குப் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 3 மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 டாலருக்கு மேற்படாத அபராதம் பெற்றவர், 5 ஆண்டுகள் எந்த வம்புக்கும் போகாமல் இருந்தால் அந்தப் பதிவு காலாவதியானதாகக் கருதப்படும். சில கடுமையான குற்றங்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

நம்ம ஊரில் அந்த 'காலாவதி' கிடையாது. கேஸ் முடியும், ஆனால் கேஸ் இருந்தது என்ற பதிவு முடியாது. நீங்கள் விடுதலை ஆனாலும் எஃப்ஐஆர் எண் ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கும். இப்போது எல்லா ஸ்டேஷன்களும் சி.சி.டி.என்.எஸ். எனும் கணினி வலையமைப்பில் இணைக்கப்பட்டிருப்பதால், வேறு மாவட்டத்தில் உள்ள வழக்கும் தேடினால் கிடைத்துவிடும்.

கேஸ் எப்படி முடிந்தது? அதுதான் முக்கியம்

'கேஸ் முடிஞ்சிடுச்சு' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் சட்டப்படி பல வகை இருக்கிறது. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.

சி.எஸ்.ஆர். மட்டும்: புகார் கொடுத்ததற்கான ரசீதுதான் இது. எஃப்ஐஆர் போடவில்லை என்றால் அது கிரிமினல் வழக்கே இல்லை.

போலீஸே முடித்து வைத்தது: விசாரித்ததில் புகாரில் சொன்னபடி குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்தால், 'பொருண்மைப் பிழை' என்று கோர்ட்டில் இறுதி அறிக்கை தாக்கல் செய்வார்கள். ஸ்டேஷனில் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்பது இதைத்தான்.

சமரசம்: சட்டம் அனுமதிக்கும் சில குற்றங்களில் இரு தரப்பும் கோர்ட்டில் சமாதானமாகப் போகலாம். முன்பு சி.ஆர்.பி.சி. 320, இப்போது பி.என்.எஸ்.எஸ். 359-வது பிரிவு. இப்படி முடிந்தால் விடுதலை ஆனதாகவே அர்த்தம்.

ஹைகோர்ட் ரத்து செய்தது: முன்பு 482, இப்போது பி.என்.எஸ்.எஸ். 528-வது பிரிவின் கீழ் எஃப்ஐஆரையே ரத்து செய்யக் கேட்கலாம். தனிப்பட்ட தகராறுகளில் இரு தரப்பும் சமாதானம் ஆகிவிட்டால் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்ற கடும் குற்றங்களுக்கு இது பொருந்தாது.

அரசு வாபஸ் வாங்கியது: 2021 பிப்ரவரியில், ஊரடங்கு விதிமீறல் தொடர்பான சுமார் 10 லட்சம் வழக்குகள் வாபஸ் பெறப்படும் என்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளுக்கும் அப்போது இதே போன்ற அறிவிப்பு வந்தது. ஆனால் அறிவிப்பு வந்ததாலேயே உங்கள் பெயர் போய்விடாது. கோர்ட்டுக்குப் போன வழக்கு என்றால் கோர்ட்டின் ஒப்புதலோடுதான் வாபஸ் வாங்க முடியும். அந்த உத்தரவு உங்கள் வழக்கில் வந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

விடுதலை, தண்டனை: விசாரணை நடந்து தீர்ப்பு வந்தது. இதில்தான் பலரும் ஏமாறும் இரண்டு இடங்கள் இருக்கின்றன.

முதல் சிக்கல்: ஃபைனும் தண்டனைதான்

பொது இடத்தில் தகராறு, குடித்துவிட்டு ரகளை போன்றவற்றுக்குப் போடப்படும் 'பெட்டி கேஸ்', 75-வது பிரிவு வழக்குகளில் பெரும்பாலானவர்கள் வக்கீல் வைப்பதில்லை. ஒத்துக்கொண்டு, ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால், சட்டத்தின் பார்வையில் நீங்கள் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர். தொகை நூறு ரூபாயா, ஆயிரம் ரூபாயா என்பது பிரச்னையே இல்லை.

ஹெல்மெட் போடாததற்கு டிராஃபிக் போலீஸிடம் கட்டும் ஸ்பாட் ஃபைன் இதில் சேராது. அது அங்கேயே இணக்கமாக முடித்துக்கொள்வது. ஆனால் குடிபோதையில் வண்டி ஓட்டிய வழக்கு அப்படி முடியாது. அது கோர்ட்டுக்குப் போகும், அங்கே கட்டும் அபராதம் தண்டனையாகவே பதிவாகும்.

இதற்கு மாற்று வழி ஒன்று இருக்கிறது. 1958-ம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்படி, தகுதியான வழக்குகளில் எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ நீதிபதி விட்டுவிடலாம். அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனையால் வரும் தகுதியிழப்பு பொருந்தாது என்று அதே சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. தீர்ப்பு அழியாது என்றாலும், ஃபைன் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதைக் கோர்ட்டில் கேட்க வேண்டும் என்று அந்த நேரத்தில் சொல்லித்தர பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை.

இரண்டாவது சிக்கல்: எல்லா விடுதலையும் ஒன்றல்ல

"புகார் கொடுத்தவரிடம் பேசியாச்சு, கோர்ட்டில் மாத்திச் சொல்லிடுவார்" என்று வழக்கை முடிப்பது நம் ஊரில் சகஜம். சாட்சி பிறழ் சாட்சியாகிவிட, வழக்கும் விடுதலையில் முடியும். ஆனால் தமிழ்நாடு காவல்துறை சார்நிலைப் பணி விதிகளின்படி, புகார்தாரர் பிறழ் சாட்சியாக மாறியதாலோ, சந்தேகத்தின் பலனாலோ விடுதலையானவரும் 'குற்ற வழக்கில் தொடர்புடையவர்' என்றே கருதப்படுவார். இந்த விதியை 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் உறுதி செய்தது.

அதாவது கான்ஸ்டபிள் வேலைக்குத் தயாராகும் ஒருவருக்கு, விடுதலை ஆனாலும் பிரச்னை தீரவில்லை.

வேலை போவது கேஸாலா, மறைத்ததாலா?

மத்திய அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் "வழக்கு இருக்கா?" என்று ஒரே கேள்வி இருக்காது. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, கோர்ட் அபராதம் விதித்ததா, தண்டனை பெற்றீர்களா, இப்போது வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்பார்கள். 'விடுதலை ஆயிட்டோமே' என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' என எழுதினால், அதுவே தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

2016-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அவதார் சிங் வழக்கில் இதற்கான வழிகாட்டுதல்களைத் தந்தது. சுருக்கமாகச் சொன்னால் மூன்று விஷயங்கள்.

ஒன்று, கைது, வழக்கு, தண்டனை பற்றிய தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது. இரண்டு, இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்கை ஒருவர் மறைத்திருந்தால்கூட, வேலை கொடுப்பவர் சூழ்நிலையைப் பார்த்து மன்னிக்கலாம். மூன்று, உண்மையைச் சொல்லிவிட்டதாலேயே வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பின்னணியைப் பரிசீலிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

மூன்றாவது கசப்பானதுதான். ஆனாலும் சின்ன கேஸைச் சொன்னவர் கோர்ட்டுக்குப் போய் வாதாட இடம் இருக்கிறது. மறைத்து மாட்டியவருக்கு அந்த இடம் ரொம்பவே குறுகிவிடுகிறது.

18 வயதுக்குள் நடந்ததா? அப்போ கதையே வேறு

இந்தியாவில் ரெக்கார்டை உண்மையிலேயே அழிக்கச் சொல்லும் சட்டம் சிறார் நீதிச் சட்டம், 2015. சம்பவம் நடந்த அன்று 18 வயது நிரம்பாதவருக்கு, அந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது அதன் 24-வது பிரிவு. மேல்முறையீட்டுக் காலம் உள்ளிட்ட குறிப்பிட்ட கால அளவு முடிந்ததும் ஆவணங்களை அழிக்க வேண்டும். முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக் கூடாது என்று 74-வது பிரிவு தடுக்கிறது.

விதிவிலக்கு ஒன்றுதான். 16 வயது தாண்டியவர் மிகக் கொடிய குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி எனத் தீர்ப்பானால், இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

தீர்ப்பு வந்தபோது உங்களுக்கு என்ன வயது என்பது கணக்கில்லை, சம்பவம் நடந்த நாள்தான் கணக்கு. வழக்கு முடிந்த பிறகும் வயதைக் காரணம் காட்டிக் கோர்ட்டுக்குப் போகலாம்.

பாஸ்போர்ட் கிடைக்குமா?

பலர் பயப்படும் அளவுக்கு இதில் சிக்கல் இல்லை. ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகக் கடந்த 5 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றிருந்தால்தான் பழைய தண்டனையைக் காட்டி பாஸ்போர்ட்டை மறுக்க முடியும். கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால், 1993-ம் ஆண்டு அறிவிக்கையின்படி அந்தக் கோர்ட்டின் அனுமதி வாங்கி விண்ணப்பிக்கலாம். எத்தனை வருஷம் என்று கோர்ட் குறிப்பிடாவிட்டால், ஒரு வருஷத்துக்கு பாஸ்போர்ட் கிடைக்கும்.

கூகுளில் பெயர் வருதே, அதை நீக்க முடியுமா?

இப்போது சூடான விவாதம் இதுதான். பாலியல் வழக்கில் 2014-ல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட ஒருவர், இணையத்தில் உள்ள தீர்ப்பில் தன் பெயரை மறைக்கக் கேட்டார். இதற்குச் சட்டம் இல்லை என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு, பெயரை மறைக்க உத்தரவிட்டது. தீர்ப்புகளை வெளியிடும் இணையதளம் மேல்முறையீடு செய்ய, 2024 ஜூலையில் அந்த உத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

கோர்ட் தீர்ப்பு பொது ஆவணம், அதை மக்கள் படிக்க முடிய வேண்டும் என்பது ஒரு பக்கம். குற்றம் செய்யவில்லை என்று விடுதலையானவர் ஆயுள் முழுக்க அந்தப் பெயரைச் சுமக்க வேண்டுமா என்பது மறுபக்கம். அழிக்கும் சட்டம் இல்லாத நாட்டில், இந்தச் சுமை நீதிபதிகள் தலையில் வழக்குக்கு வழக்கு விழுகிறது.

கைரேகை, போட்டோ என்ன ஆகும்?

2022-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி, போலீஸ் எடுக்கும் கைரேகை, கருவிழிப் பதிவு போன்றவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஆனால் முன்பு தண்டனை பெறாத ஒருவர், விசாரணை இல்லாமல் விடப்பட்டாலோ, எல்லா மேல்முறையீடும் முடிந்து விடுதலையானாலோ, கோர்ட் வேறு மாதிரி சொல்லாத வரை அவற்றை அழிக்க வேண்டும்.

இப்போ நீங்கள் என்ன செய்யலாம்?

* இ-கோர்ட்ஸ் ஆப்பில் உங்கள் பெயர் அல்லது எஃப்ஐஆர் எண்ணைப் போட்டு வழக்கின் நிலையைப் பாருங்கள்.
* தீர்ப்பு அல்லது ரத்து உத்தரவின் சான்றிட்ட நகலை கோர்ட்டில் வாங்கி வையுங்கள்.
* அந்த நகலை ஸ்டேஷனில் கொடுத்து, வழக்கின் முடிவைப் பதிவில் ஏற்றச் சொல்லி ஒப்புகை வாங்குங்கள். விடுதலையான கேஸ், பதிவில் 'நிலுவை' என்றே இருந்தால் வெரிஃபிகேஷனில் சிக்கல் வரும்.
* படிவத்தில் ஒவ்வொரு கேள்வியையும் தனியாகப் படித்து, கேட்டதற்கு உண்மையான பதில் எழுதுங்கள்.
* கோர்ட்டில் 'ஒத்துக்கிறேன்' என்று சொல்வதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

மொத்தத்தில், பழைய கேஸை அழிக்கும் பட்டன் எதுவும் நம் சட்டத்தில் இல்லை. அப்படியொரு சட்டம் வேண்டுமா என்பது நாடாளுமன்றம் பேச வேண்டிய விஷயம். அதுவரை, ஒரு இளைஞரின் எதிர்காலம் முடிவாவது பெரும்பாலும் வெரிஃபிகேஷன் நாளில் இல்லை. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு" என்று யாரோ சொன்ன அந்த முதல் நாளிலேயே அது முடிவாகிவிடுகிறது. உங்கள் வீட்டுத் தம்பி, தங்கை யாராவது அந்த இடத்தில் நின்றால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேச வையுங்கள்.