இடுப்பை வளைக்காதீங்க... ஸ்டாண்டை உயர்த்துங்க!

திண்டிவனம் - புதுச்சேரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது இரும்பை. பெயரைக் கேட்டதும் உலோகம் நினைவுக்கு வரலாம். ஆனால் ஊருக்குப் பெருமை, சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில்தான். பக்கத்திலேயே ஆரோவில். மண்கல் அழுத்தும் 'ஆரம்' இயந்திரங்களைச் செய்யும் 'ஆரேகா' பட்டறை அங்கேதான்.

இந்த மாதிரி ஊர்களில் வெல்டிங் தெரிந்தவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு கேட், ஜன்னல் கிரில் செய்வது சகஜம். வேலை எங்கே நடக்கிறது? தரையில்! இடுப்பை ஒடித்துக் குனிந்து, கையில் கிரைண்டரைப் பிடித்தபடி மணிக்கணக்கில். ராத்திரியானால் "முதுகுல கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடேன்" என்று குரல் வரும்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து குந்திதான் சார் வேலை பார்க்கிறோம்" என்பார்கள். குந்தி உட்காருவது தப்பென்று நானும் சொல்லவில்லை. கால்கள் நின்று கொண்டிருக்க, முதுகு மட்டும் மடங்குகிறதே... அதுதான் வினை. சுமார் 5 கிலோ தலை, அதோடு மார்பு, தோள், கைகள் என எல்லாப் பாரத்தையும் இடுப்புத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, ஒரே உயரத்தில் மேஜை போட்டால் போதுமா? போதாது. கணக்கு முழங்கையிலிருந்து தொடங்குகிறது. நுணுக்கமாக அளவு குறிக்க முழங்கைக்கு 5 முதல் 10 செ.மீ. மேலே. சாதாரண வேலைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே. அழுத்தித் தேய்க்கிற, அடிக்கிற வேலைக்கு 15 முதல் 40 செ.மீ. கீழே. அப்பாவும் பிள்ளையும் ஒரே உயரமா என்ன? அதனால்தான் ஏற்றி இறக்கும் ஸ்டாண்டு வேண்டும் என்கிறேன்.

இதைக் கடையில் தேட வேண்டாம், வெல்டிங் தெரிந்தவருக்கு அரைநாள் வேலை. 50 மி.மீ. சதுரக் குழாய்க்குள் 40 மி.மீ. குழாய், இரண்டும் 65 செ.மீ. நீளம். 5 செ.மீ.க்கு ஒரு துளை, குறுக்கே 12 மி.மீ. கம்பி. இப்படிச் செய்தால் சுமார் 70 முதல் 115 செ.மீ. வரை ஏற்றலாம். எவ்வளவு உயர்த்தினாலும் 15 செ.மீ. உள்ளேயே இருக்கட்டும். லொடலொடவென்று ஆடாமலிருக்க வெளிக்குழாயில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து போல்ட்டால் இறுக்குங்கள். ஆனால் பாரத்தைத் தாங்க வேண்டியது குறுக்குக் கம்பிதான். போல்ட்டை மட்டும் நம்பினால் கேட் காலில் விழும்! மேடுபள்ளமான மண் தரையில் நாலு காலை விட மூணு காலே ஆடாமல் நிற்கும், கால்களை நன்றாக அகட்டி வையுங்கள்.

பழைய ஜி.ஐ. குழாய் வீட்டில் கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். துத்தநாகப் பூச்சு எரியும் புகையால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் வரும். வெல்டிங் புகையே புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் வகைப்படுத்திவிட்டது. காற்றோட்டமான இடத்தில் செய்யச் சொல்லுங்கள். குழந்தைகள் வேடிக்கை பார்க்கக் கூடாது. அந்த வெளிச்சம் பட்ட கண் உடனே வலிக்காது, ராத்திரிதான் மணல் கொட்டினாற்போல் உறுத்தும்.

அடுத்த முறை அவர் தைலத்துக்காக முதுகைக் காட்டும்போது இன்ச் டேப்பை எடுங்கள். நேராக நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை எத்தனை செ.மீ. என்று அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். தைலம் அப்புறம்!