ஹெல்சின்கி - டோக்கியோ: தூரம் மாறவில்லை, நேரம் மாறியது ஏன்?

"உலகம் சுருங்கி விட்டது, எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான்!" பட்டிமன்ற மேடை முதல் பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வரை தப்பாமல் வந்துவிடும் வசனம் இது. விஞ்ஞானம் வளர்ந்தது, விமானம் வந்தது, தூரம் ஒழிந்தது என்பது வாதம். உண்மைதானா? பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்குப் பறக்கும் விமானம் வேறு கதை சொல்கிறது.

இரண்டு நகரங்களுக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். தூரக் கணக்குச் சொல்லும் இணையப் பக்கங்கள் செய்வது இவ்வளவுதான்: பூமி உருண்டையின் மேல் மிகக் குறுகிய கோட்டை அளப்பது, மணிக்கு எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வேகத்தால் வகுப்பது, ஏறி இறங்கக் கொஞ்ச நேரம் கூட்டுவது. விடை, ஒன்பதரை மணி நேரம் போல வரும். 2022 பிப்ரவரி வரை விமானமும் ஏறக்குறைய அவ்வளவு நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

அந்த மாதம் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடின. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. அந்தக் குறுகிய கோடு சைபீரியாவின் மேல்தான் போகிறது! 2022 மார்ச் முதல் பின்லாந்து விமானங்கள் வடதுருவம் வழியாகவோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ சுற்றிக்கொண்டு போகின்றன. எந்த வழியானாலும் சுமார் 13 மணி நேரம். "காற்றினால்கூட நேரம் மாறுமே" என்பார்கள். மாறும். ஆனால் எந்தக் காற்று வருடக்கணக்கில் மூன்றரை மணி நேரத்தை விழுங்கும்?

இன்னொரு வேடிக்கை. 1983-ல் இதே இரு நகரங்களுக்கிடையே நிற்காமல் பறக்கும் சேவை தொடங்கியபோது, சோவியத் வானம் மூடிக்கிடந்ததால் டிசி-10 விமானம் வடதுருவத்தைச் சுற்றித்தான் போனது. அப்போதும் சுமார் 13 மணி நேரம்தான்! நாற்பது ஆண்டுகளில் என்ஜின் மாறியது, கணினி வந்தது, இறக்கை இலேசானது. ஒரு போர் வந்ததும் கடிகாரம் 1983-க்கே திரும்பிவிட்டது.

இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. 1944-ல் சிகாகோவில் உருவான ஒப்பந்தத்தின் முதல் விதியே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானம் முழுக்க முழுக்கச் சொந்தம் என்பதுதான். அதனால்தான் சீன விமானங்கள் இன்றும் ரஷ்யாவின் மேல் பறந்து ஐரோப்பாவுக்குச் சீக்கிரம் போகின்றன. அதே ரக விமானம், அதே எரிபொருள். வாலில் வரைந்த கொடிதான் வேறு.

"போர் என்றால் விலை கொடுக்கத்தான் வேண்டும், மூன்றரை மணி நேரம் பெரிதா?" என்று கேட்கலாம். குண்டுக்கு நடுவே வாழ்கிறவனின் துயரத்துக்கு முன் இது தூசுதான். ஆனால் அந்தத் தூசிலும் கூடுதல் எரிபொருள், கூடுதல் புகை, கூடுதல் விமானிகள் எல்லாம் அடக்கம். கொடுக்க வேண்டிய விலையென்றால் கொடுக்கட்டும். அதை மறைத்துவிட்டு, தூரத்தை விஞ்ஞானம் வென்றுவிட்டது என்று மார்தட்டுவதுதான் பொய்.

உலகைச் சுருக்கியதில் என்ஜினுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி சமாதானத்துக்கு. பனிப்போர் தணிந்தபோது சைபீரிய வானம் தாராளமாகத் திறந்தது, டோக்கியோ பக்கத்தில் வந்தது. சமாதானம் போனது, டோக்கியோவும் தள்ளிப் போனது. அடுத்த கட்டுரைப் போட்டியில் "உலகம் சுருங்கி விட்டது" என்று எழுதப் போகும் மாணவர்கள், யார் அனுமதித்ததால் சுருங்கியது என்று ஒரு வரி சேர்த்து எழுதட்டும்!