40 பைசா திருடர்கள்

டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பெயர் ராமேஸ்வரி. 2012 ஆகஸ்டில் இந்தக் கடையின் மீதும் டெல்லி பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. கேட்ட நஷ்டஈடு 60 லட்சம் ரூபாய். ஆசிரியர்கள் தந்த பட்டியல்படி பல புத்தகங்களிலிருந்து அத்தியாயங்களை நகலெடுத்து, பைண்டு செய்து, மாணவர்களுக்கு விற்றதுதான் கடை செய்த குற்றம். கட்டணம் பக்கத்துக்கு 40 பைசா.

யாருடைய உரிமையைக் காப்பதாகப் பதிப்பகங்கள் சொல்லினவோ, அந்த நூலாசிரியர்களில் பலரே எதிர்ப்பக்கம் நின்றார்கள். ஆக்ஸ்போர்டின் எழுத்தாளர்களில் ஒருவரான அமர்த்தியா சென், இந்த வழக்கு வேண்டாம் என்று பதிப்பகத்தைக் கேட்டுக்கொண்டார். மாணவர்கள் சங்கம் அமைத்து வழக்கில் தங்களையும் இணைத்துக்கொண்டனர். ஒரு பாடத்துக்கு இருபது முப்பது புத்தகங்களிலிருந்து ஓரிரு அத்தியாயங்கள் மட்டும் தேவைப்படும்போது, அத்தனையையும் விலை கொடுத்து வாங்கும் மாணவர் எந்த ஊரில் இருக்கிறார்?

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். கற்பித்தலின் பொருட்டு ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. பதிப்புரிமை என்பது கடவுள் தந்ததும் அல்ல, இயற்கையாக அமைந்ததும் அல்ல என்றார் நீதிபதி. தம் காலத்து மாணவர்கள் நூலகத்தில் முறைவைத்து உட்கார்ந்து, பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டதைத் தீர்ப்பில் நினைவுகூர்ந்தார். இப்போது செல்போன் கேமரா வந்துவிட்டது. கையால் எழுதியபோது குற்றமாக இல்லாதது, கருவி மாறியதும் குற்றமாகிவிடுமா என்பது அவர் வாதத்தின் சாரம். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் இந்த நிலையைப் பெரும்பாலும் ஏற்றது. சில விவரங்களை மட்டும் மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் பெற்றன.

காகிதம் ஜெயித்தது. ஆனால் படிப்பும் ஆராய்ச்சியும் அதற்குள் கம்ப்யூட்டர் திரைக்குக் குடிபோய்விட்டன. 2020 டிசம்பரில் அதே உயர் நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. தொடுத்தவர்கள் எல்சவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி. எதிர்ப்பக்கம், கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா எல்பக்யான் 2011-ல் தொடங்கிய சை-ஹப். 8 கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கும் இணையதளம் அது. புதிய கட்டுரைகளை ஏற்றமாட்டேன் என்று தந்த உறுதிமொழியை எல்பக்யான் மீறிவிட்டார் என்று கருதிய நீதிமன்றம், 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவிட்டது.

சட்டத்தின் கண்ணில் இந்த இரண்டு வழக்குகளும் ஒன்றல்ல. வகுப்புக்காகச் சில அத்தியாயங்களை நகலெடுப்பது வேறு. கிடங்கையே திறந்துவிடுவது வேறு. ஆனால் ‘பைரசி’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுவதில்தான் சிக்கல். புதுப் படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதி வந்தால் தயாரிப்பாளர் முதல் லைட்பாய் வரை அடிபடுகிறார்கள். அதனால்தான் 2023-ல் திருத்தப்பட்ட சினிமா சட்டம், தியேட்டரில் படத்தைப் பதிவு செய்பவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. சில நூறு பிரதிகளே அச்சாகும் நாவலை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டால், ஏற்கெனவே அற்பமான ராயல்டியும் எழுத்தாளர் கைக்கு வராது. இதற்குப் பரிந்து பேச நியாயம் எதுவும் இல்லை.

ஆய்வுக் கட்டுரையின் கதை வேறு. எழுதிய விஞ்ஞானிக்குப் பத்திரிகை ஒரு பைசா தருவதில்லை. அதைப் படித்துத் தரம் பார்க்கும் பேராசிரியருக்கும் பெரும்பாலும் ஊதியம் இல்லை. ஆராய்ச்சிக்கான செலவு பெரும்பாலும் மக்களின் வரிப்பணம். பதிப்பித்துப் பாதுகாக்கும் செலவு பதிப்பகங்களுக்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் வரிப்பணத்தில் விளைந்ததை அதே பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் சந்தாவுக்கு விற்கும் வியாபாரத்தை, சினிமாத் தயாரிப்பாளரின் நஷ்டத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியுமா?

மத்திய அரசு ஒரு வழி கண்டிருக்கிறது. 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 பத்திரிகைகள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், சுமார் 1.8 கோடிப் பேர் அடக்கம். 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் அறிவிக்கப்பட்டபோது திட்டத்தில் இருந்தவை அரசு நிறுவனங்கள். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் படிக்கும் மாணவியும், எந்த நிறுவனத்தையும் சாராத ஆய்வாளரும், மருத்துவத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தேடும் சிற்றூர் டாக்டரும் வெளியே நின்றார்கள்.

பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் முடிவுகளை எல்லோரும் படிக்கும்படி பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014-லேயே கொள்கை வகுத்துவிட்டன. அதைக் கறாராக அமல்படுத்தினால் இந்திய ஆராய்ச்சியை இந்தியர்களே திருட்டு வழியில் படிக்கும் அவலமாவது தீரும். தளங்களை முடக்குவது நீதிமன்றத்தின் வேலை, அது நடந்துவிட்டது. படிக்க நேர்வழி அமைத்துத் தருவது அரசின் வேலை. அது பாதியில் நிற்கிறது.