கனடா போனதும் பிஆர் பேப்பர் தொலைஞ்சு போச்சா? உரிமை போகாது... ஆனா ஊருக்குக் கிளம்பும் முன் யோசிங்க!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வெளிநாடு என்றாலே வளைகுடாவும் சிங்கப்பூரும்தான் நினைவுக்கு வரும். இப்போது பிஆர் எனும் நிரந்தர வசிப்புரிமை வாங்கி கனடா போகிறவர்களும் உண்டு. போய் இறங்கிய வாரமே, வீடு மாறும் அவசரத்தில் ஃபைல் மொத்தமாகக் காணாமல் போனால்?

தொலைந்தது பேப்பர்தான், பிஆர் இல்லை. நீங்கள் வந்து இறங்கியதை அதிகாரி பதிவு செய்ததுமே உரிமை கிடைத்துவிடுகிறது. அந்தப் பதிவு கனடா அரசிடம் இருக்கும்.

சிஓபிஆர் எனும் அந்தத் தாளுக்கு டூப்ளிகேட் கிடையாது. பதிலாக 'வெரிஃபிகேஷன் ஆஃப் ஸ்டேட்டஸ்' சான்று தருவார்கள். ஐஎம்எம் 5009 படிவம், கட்டணம் 30 கனடா டாலர். வேலைக்குத் தேவையான 'சின்' நம்பர் வாங்க இந்தச் சான்றையும் காட்டலாம்.

பிஆர் கார்டு தனி. 180 நாட்களுக்குள் கனடா முகவரியைக் கொடுத்தால் முதல் கார்டு தனிக் கட்டணம் இல்லாமல் தபாலில் வரும். தவறினால் 50 டாலர். நண்பர் வீட்டு அட்ரஸைக் கொடுத்துவிட்டு மாற்ற மறந்தால், கார்டு அங்கேதான் போய் நிற்கும்.

உண்மையான சிக்கல் வேறு. கார்டு வருவதற்குள் ஊரில் ஒரு துக்கம், உடனே கிளம்பி வந்தாச்சு. வருவதில் பிரச்சினை இல்லை. திரும்பும்போது திருச்சியிலோ சென்னையிலோ விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஸ்டேட்டஸ் சான்று பயண ஆவணம் ஆகாது. இங்கிருந்தே 'பிஆர் டிராவல் டாகுமெண்ட்' கேட்டு விண்ணப்பிக்கணும். அதற்கும் 50 டாலர். அது கைக்கு வரும்வரை அங்குள்ள வேலை காத்திருக்குமா என்பது முதலாளியைப் பொறுத்தது.

பாஸ்போர்ட்டும் சேர்ந்து தொலைந்தால்? கனடாவில் என்றால் உள்ளூர் போலீசில் புகார், பிறகு இந்தியத் தூதரகம். ஊரில் என்றால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் 'லாஸ்ட் டாகுமெண்ட் ரிப்போர்ட்' பதிவு செய்யலாம். இரண்டு மாவட்டங்களுக்கும் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகம்தான்.

இதில் நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தலைவலி. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-ல் மறுபடியும் பிரிந்தது. 1990-ல் அரியலூரில் பிறந்தவரின் பிறப்புச் சான்றில் திருச்சி மாவட்டம், பத்தாம் வகுப்பு படித்தபோது பெரம்பலூர் மாவட்டம், ஆதாரில் அரியலூர் மாவட்டம். ஊர் ஒன்றுதான், வீடும் அதேதான்!

அதனால் பழைய பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் எப்படி அச்சாகியிருக்கிறதோ, எல்லா படிவத்திலும் அப்படியே எழுதுவது நல்லது. அதைப் பார்த்து எழுத ஒரு செராக்ஸ் வேண்டும். கிளம்பும் முன்பே அம்மாவின் பீரோவில் ஒரு செட் வைத்துவிட்டுப் போங்க.